பர்னபா சொன்ன சாட்சி





இவ்வாரத் தியானத்திற்கு முன்பாக அப்போஸ்தலர் நடபடிகள் 9-ஆம் அதிகாரத்தின் 26 முதல் 28 வரையுள்ள வசனங்களை ஒருமுறை நிதானமாக வாசித்துவிடும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சவுல் எருசலேமுக்கு வருகிறார். சீஷர்களோடு சேர விரும்புகிறார். அவர்களோ அஞ்சி ஒதுங்குகிறார்கள். அவர் மெய்யாகவே மனந்திரும்பியவர் என்று நம்ப ஒருவரும் ஆயத்தமாக இல்லை. அந்த வேளையில் பர்னபா முன்வருகிறார். சவுலை அப்போஸ்தலரிடம் அழைத்துச் சென்று அவருக்காகப் பேசுகிறார். பேசியது மூன்றே செய்திகள். வழியில் ஆண்டவர் அவருக்குத் தரிசனமானார், அவரோடு பேசினார், அதன்பின் தமஸ்குவில் சவுல் அஞ்சாமல் இயேசுவை அறிவித்தார்.

இந்த மூன்றில் ஒன்றும் மிகையில்லை. சவுலின் பழைய வாழ்க்கை எருசலேமில் எல்லாரும் அறிந்தது. அதை மூடிமறைக்க பர்னபா முயலவில்லை. நடக்காத ஒன்றைக் கூட்டிச் சொல்லவும் இல்லை. தாம் அறிந்ததை அறிந்தபடி சொன்னார். அந்தச் சாட்சியினால் ஒரு மனிதனுக்கு அடைபட்டிருந்த கதவு திறந்தது.

பரிந்துரைக் கடிதம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு பர்னபாவே நினைவுக்கு வருகிறார். இப்போது அதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் பட்டாபிராமில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளில் சிலர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க விரும்புகிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கான பொது விண்ணப்பம் ஆகஸ்டு முதல் தேதி திறக்கிறது. இறுதி நாள்கள் பெரும்பாலும் ஜனவரித் தொடக்கத்தில் வருகின்றன. ஆகையால் அரையாண்டுத் தேர்வுக்கும் கிறிஸ்துமஸ் ஆயத்தங்களுக்கும் நடுவே, போதகர் இல்லத்தின் கதவு தட்டப்படுகிறது. "ஐயா, ஒரு லெட்டர் வேண்டும்" என்று பிள்ளைகளும் பெற்றோரும் வந்து நிற்கிறார்கள்.

அந்த ஆசையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும் நம் ஊர் ராணுவக் கிடங்கிலும் வேலை கிடைத்தாலே போதும் என்று எண்ணிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 2024 நவம்பரில் திறக்கப்பட்ட 21 மாடி டைடல் பூங்காவை நாள்தோறும் ரயிலிலிருந்து பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போகிறவர்கள். தங்கள் எல்லை விரிவாக வேண்டும் என்று அவர்கள் கேட்பது தவறன்று. மோசே எகிப்தியரின் கல்வியிலே தேறினவர் என்றும், பவுல் கமாலியேலின் பாதத்தருகே பயின்றவர் என்றும் வேதம் மறைக்காமல் கூறுகிறது. தானியேலும் அவருடைய நண்பர்களும் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் மூன்று வருஷம் கற்றார்கள். கல்வி எங்கிருந்து வந்தாலும் அதைக் கண்டு சபை அஞ்ச வேண்டியதில்லை.

சபை கவலைப்பட வேண்டியது வேறொன்றைக் குறித்து.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சபையின் வாலிபன் ஒருவன் தன் தகப்பனாரோடு என்னைக் காண வந்தான். அவனுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரை மட்டும் தவிர்க்கிறேன். அவர்கள் கையில் ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்ட கடிதம் ஒன்று இருந்தது. விண்ணப்பத்துக்கு உதவிய ஆலோசனை நிலையம் ஒன்று அதைத் தயாரித்துத் தந்திருந்தது. சபையின் லெட்டர்பேடில் அச்சிட்டு நான் கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி. இந்த மாணவன் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு இரவுப் பள்ளியைத் தொடங்கி நடத்தி வருகிறான் என்றும், வெள்ள நிவாரணத்துக்குப் பெருந்தொகை திரட்டினான் என்றும் அழகான ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இரண்டும் நடந்தவை அல்ல.

நான் கையெழுத்திட இயலாது என்றேன். தகப்பனார் முகம் வாடிப்போனது. "ஐயா, எல்லாரும் இப்படித்தான் கொடுக்கிறார்கள் என்று சொன்னார்கள். இது இல்லாவிட்டால் என் பையனை யார் பார்ப்பார்கள்? ஒரு கையெழுத்துதானே" என்றார். அவர் கபடமுள்ளவர் அல்லர். தம் மகனிடம் எழுதத்தக்கது ஒன்றுமில்லை என்று பிறர் சொன்னதை நம்பிவிட்டவர். அந்த நம்பிக்கையே என்னை அதிகமாக வருத்தியது.

அவர் சி.டி.எச். சாலையோரத்தில் இருசக்கர வாகனங்கள் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர். அவனை உட்காரவைத்து, "தம்பி, பள்ளி விட்டு வந்ததும் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். ஷெட்டில் அப்பாவுக்கு உதவுவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னான். எப்படிப்பட்ட உதவி என்று கேட்டபோது, ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினான். சர்வீஸுக்கு வரும் வண்டிகள் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகின்றன என்று வாடிக்கையாளர்களைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறான். ஏர் ஃபில்டரை மாற்றிய பின் எவ்வளவு, கார்புரேட்டரைச் சுத்தம் செய்த பின் எவ்வளவு, டயரில் காற்றுக் குறைந்திருந்தால் எவ்வளவு என்று அறுபதுக்கும் மேற்பட்ட வண்டிகளின் கணக்கு இரண்டு வருஷமாக அதில் ஏறியிருந்தது. ஒருவரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் மட்டுமே காரணம். அவன் விண்ணப்பித்ததோ இயந்திரப் பொறியியல் படிப்புக்கு.

கிரீஸ் படிந்த அந்த நோட்டைப் பற்றி ஆலோசனை நிலையத்தில் ஒருவரும் கேட்கவில்லை. இல்லாத இரவுப் பள்ளியை எழுதினார்கள்; இருந்த நோட்டை எழுதவில்லை.

நான் அந்த நோட்டைப் பற்றி எழுதினேன். அவனை ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து அறிந்தவன் என்ற முறையில், கண்டதை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி, நானே நேரடியாக அனுப்பினேன். முறையும் அதுதான். பரிந்துரைப்பவர் தாமே எழுதி, மாணவர் கையில் கொடாமல், தாமே அனுப்ப வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் எதிர்பார்க்கின்றன.

பிரியமானவர்களே, "ஒரு கையெழுத்துதானே" என்ற சொல்லைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். பத்துக் கட்டளைகளில் பொய்ச்சாட்சியைக் குறித்த கட்டளையை நாம் நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிடுகிறோம். ஒருவரைப் பற்றி அறியாத இன்னொருவருக்கு, நம் பெயரை வைத்து நாம் உறுதி கூறும் இடமெல்லாம் சாட்சிக் கூண்டுதான். அங்கே கூறப்படும் பொய்யின் விலையைப் பெரும்பாலும் கூறியவர் செலுத்துவதில்லை, பிள்ளையே செலுத்துகிறான்.

கனடாவில் 2023-ஆம் ஆண்டு நடந்ததை நீங்கள் செய்திகளில் வாசித்திருப்பீர்கள். பஞ்சாபிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன் சென்று, படித்து, வேலையிலும் அமர்ந்துவிட்ட பலர், நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான், தங்களை அந்நாட்டுக்குள் சேர்த்த கல்லூரி அனுமதிக் கடிதமே போலியானது என்று அறிந்தார்கள். கடிதத்தைத் தயாரித்தவர் முகவர். நாடு கடத்தப்படும் ஆபத்தில் நின்றவர்களோ மாணவர்கள். அவர்களில் பலர் தாங்கள் ஏமாற்றப்பட்டதையே அதுவரை அறியாதவர்கள். அதன்பின் 2023 டிசம்பர் முதல், ஒவ்வோர் அனுமதிக் கடிதத்தையும் சம்பந்தப்பட்ட கல்லூரியிடமே கேட்டு உறுதிசெய்யும் முறையைக் கனடா கொண்டுவந்தது. இங்கிலாந்துக் கல்லூரிகளின் விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்போ, மாணவர்களின் கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நகல்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. அகப்பட்டுக்கொள்வோம் என்ற பயத்தினால் உண்மை பேசும்படி நான் சொல்லவில்லை. எனினும் பிள்ளையின் எதிர்காலத்தைப் பொய்யின்மேல் கட்டுவது மணலின்மேல் கட்டுவதே என்பதை இந்நிகழ்ச்சிகள் நமக்கு உணர்த்துகின்றன.

முகவர்கள் யாவரும் வஞ்சகர் என்று நான் கூறவில்லை. நேர்மையாய் உழைப்பவர்களை நான் அறிவேன். ஆனால் ஒன்றைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பல முகவர்களுக்கு, மாணவன் சேர்ந்த பின் கல்லூரியே கமிஷன் கொடுக்கிறது. ஆகையால் "இந்தக் கல்லூரிதான் உங்கள் பிள்ளைக்கு ஏற்றது" என்று ஒருவர் கூறும்போது, எந்தக் கல்லூரிகளிடமிருந்து அவருக்குக் கமிஷன் வருகிறது என்று கேட்பதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டாம்.

அடுத்ததாகச் செலவைப் பற்றி. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கமாட்டானா என்று ஆண்டவர் கேட்ட உவமை லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நம்மில் பலர் உட்காருவதே இல்லை. நின்றபடியே வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பெரும்பாலும் சொத்தைப் பிணையாகக் கேட்கின்றன. குடியிருக்கும் ஒரே வீட்டை அடகு வைக்குமுன் உட்கார வேண்டாமா?

ஒரு எடுத்துக்காட்டுச் சொல்லுகிறேன். ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் உண்டு. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது மெய். ஆனால் வாழ்க்கைச் செலவுக்கென ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்டும்படி 2024 செப்டம்பர் முதல் கேட்கிறார்கள். நம் பிளஸ் டூ சான்றிதழ் மட்டும் இருந்தால் அங்கே பட்டப்படிப்பில் நேரடியாகச் சேர்வதும் பொதுவாக இயலாது, ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்ச்சியோ, இங்கே கல்லூரியில் ஓராண்டுப் படிப்போ, அங்கே ஆயத்த வகுப்போ வேண்டும். இவ்வளவையும் அறிந்தபின் "போகலாம்" என்று தீர்மானித்தால் அது விசுவாசம். அறியாமலே தீர்மானித்துவிட்டு அதற்கு விசுவாசம் என்று பெயர் சூட்டுவது நியாயமன்று.

அதே வேளையில், திறந்திருக்கும் வாசல்களையும் நாம் அறிந்திருக்க வேண்டும். ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை பட்டப்படிப்புக்குக் கட்டணத்தையும் விமானப் பயணத்தையும் ஏற்று, மாதந்தோறும் செலவுக்கும் பணம் கொடுக்கிறது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற சில நிறுவனங்கள் வெளிநாட்டு மாணவரின் பணவசதியைப் பாராமல் தேர்ந்தெடுத்து, தேவையான உதவி முழுவதையும் தருகின்றன. இடம் கிடைப்பது மிக அரிது. கிடைத்தால் ஏழ்மை தடையாகாது. 2022 மார்ச் முதல் தேதி தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டமும் மாதிரிப் பள்ளிகளும் வந்த பின், நம் மாநில அரசுப் பள்ளி மாணவர்கள் தைவான் பல்கலைக்கழகங்களில் முழு உதவித்தொகையோடு சேர்ந்திருக்கிறார்கள். முதுநிலைப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் வெளிநாடு செல்ல நம் மாநில அரசு வழங்கும் உதவித்தொகையில், கிறிஸ்தவரான ஆதி திராவிடருக்கும் இடம் உண்டு. நம் சபையில் பல குடும்பங்களுக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் அடுத்த வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

இன்னும் ஒரு காரியம், சிறியதாகத் தோன்றினாலும் பலரைக் கண்ணீர்விட வைத்தது. பெயர். சபைப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று; பள்ளியில் வேறொன்று; ஆதாரில் இனிஷியல் முன்னால்; பாஸ்போர்ட்டிலோ தகப்பன் பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கிறது. தமிழர்களாகிய நமக்கு இதில் குழப்பம் தோன்றுவதில்லை. அயல்நாட்டு அதிகாரிக்கோ மூன்று பேர் இருப்பதாகத் தோன்றும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பதிவாகிற பெயரே பின்வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படையாகிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே அதைச் சரிபார்த்துவிடுங்கள். கடைசி வாரத்தில் வந்து சபைப் பதிவேட்டைத் திருத்தித் தரும்படி என்னைக் கேட்காதிருங்கள். அதுவும் ஒரு சாட்சிப் புத்தகமே.

போவது எதற்காக என்ற கேள்வியையும் பிள்ளைகளோடு பேசுங்கள். தஞ்சாவூரில் 1892-இல் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா லண்டனில் கணக்காயர் கல்வி பெற்றார். பின்னர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்றார். அரசாங்க வரவு செலவுகளைக் குறித்த அந்த ஆராய்ச்சியில், தம் தேசம் ஏன் ஏழையாயிருக்கிறது என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. 1929-இல் திரும்பி வந்து காந்தியடிகளைச் சந்தித்தார். அதன்பின் 1960-இல் மதுரையில் மரிக்கும்வரை கிராமத் தொழில்களுக்காகவே வாழ்ந்தார். அந்நிய நாட்டில் பெற்ற கல்வி அவருக்குத் தம் சொந்த ஜனத்தைக் காட்டிக்கொடுத்தது.

எல்லாரும் திரும்பியே ஆக வேண்டும் என்று நான் நியாயப்பிரமாணம் விதிக்கவில்லை. தானியேல் எருசலேமுக்குத் திரும்பியதாக வேதத்தில் இல்லை. ஆனாலும் அவருடைய மேலறையின் பலகணிகள் எருசலேமை நோக்கியே திறந்திருந்தன. எங்கே வாழ்ந்தாலும் எந்தத் திசையில் ஜன்னல் திறந்திருக்கிறது என்பதே காரியம்.

அந்த மெக்கானிக்கின் மகனுக்கு என்ன நேர்ந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். மூன்று பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தான். இரண்டு மறுத்துவிட்டன. ஒன்று இடமும், பாதிக் கட்டணச் சலுகையும் கொடுத்தது. குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள், நானும் உடனிருந்தேன். மீதிப் பாதிக்கு வீட்டை வைக்க வேண்டியிருந்தது. வேண்டாம் என்று தீர்மானித்ததும் தகப்பன் அல்ல, அவனே. இப்போது இந்துக் கல்லூரி நிலையத்தில் காலை ரயிலேறி, நகரத்திலுள்ள ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போய்வருகிறான். அவனுக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்ச்சாட்சியாகிவிடும். வருத்தம் இருந்தது. சில மாதங்கள் சென்றபின் அவன் என்னிடம் கூறியது இது: "ஐயா, அந்த லெட்டரை நகல் எடுத்து அப்பா ஷெட்டில் வைத்திருக்கிறார். என்னைப் பற்றி எழுத இவ்வளவு இருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்ததாம்."

ஆகவே ஞாயிறு ஆராதனையில் சாட்சி வேளை வரும்போது ஒன்றை மனதில் வையுங்கள். விசா கிடைத்த குடும்பம் எழுந்து துதிக்கட்டும். நாமும் சேர்ந்து துதிப்போம். ஆனால் அதே வாரத்தில் மறுப்புக் கடிதம் பெற்ற பிள்ளை மூன்றாவது வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கக்கூடும். விசா முத்திரையை ஆசீர்வாதத்தின் அளவுகோலாக நாம் ஆக்கினால், அந்தப் பிள்ளை தேவனால் கைவிடப்பட்டவன் என்று நாமே தீர்ப்புக் கூறியவர்களாவோம்.

பர்னபா எருசலேமில் பேசியதோடு நின்றுவிடவில்லை. பதினோராம் அதிகாரத்தில், சவுலைத் தேடி அவர் தர்சு பட்டணத்துக்கே போகிறார். அந்தியோகியாவுக்கு அழைத்து வந்து, ஒரு வருஷம் முழுவதும் அவரோடு சேர்ந்து ஊழியம் செய்கிறார். நம் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். வங்கியில் பணிபுரிந்தவர்கள், டாங்கித் தொழிற்சாலையில் அலுவல் பார்த்தவர்கள், வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர்கள் இருக்கிறீர்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஒரு மணி நேரம் ஒரு பிள்ளையின் அருகே உட்கார முடியுமா? படிவத்தை வாசித்துக் காட்டவும், கடன் கணக்கை விளக்கவும், "தம்பி, நீ உண்மையில் என்ன செய்கிறாய்?" என்று கேட்டுப் பொறுமையாய்க் காத்திருக்கவும் முடியுமா? அப்படிப்பட்டவர்கள் இந்த ஞாயிறு என்னிடம் பெயர் கொடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒருவர் போதும்.

ஜெபம்: எங்கள் பிள்ளைகளைத் தாயின் கருவிலேயே அறிந்திருக்கிற தேவனே, அவர்களைக் குறித்து நாங்கள் உண்மையே பேசும்படி எங்கள் நாவைக் காத்தருளும். தூரதேசம் போகிறவர்களுக்குத் துணையாயிரும். போக இயலாதவர்களின் மனம் சோர்ந்துபோகாதபடி தாங்கியருளும். பெற்றோருக்குக் கணக்குப் பார்க்கும் ஞானத்தையும், எங்கள் சபைக்குப் பர்னபாவின் இருதயத்தையும் தாரும். இயேசு கிறிஸ்துவின் மூலமாய் வேண்டிக்கொள்கிறோம், எங்கள் பிதாவே. ஆமென்.